நான்காவது ஆள்

பிப்ரவரி 11

பெரிய மனுஷியின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நம் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொள்கிறேன். கடிதத்துக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை. இந்த மடத்தில் அதுதான் என் வேலையே.

எட்டு மாதம் கழித்து எழுதுகிறானே என்று உனக்குக் கோபம் இருக்கும். வந்த புதிதில் யாருக்கும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ‘அதற்கு முன்னால் மட்டும் என்ன பேசிக் கிழித்தீர்கள்’ என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

என் அறை நம் வீட்டுச் சமையலறையில் பாதி. ஒரு பாய், ஒரு அலமாரி, சன்னலுக்கு வெளியே தகரக் கூரை. விடிவதற்கு முன் எழுந்து முற்றம் கூட்டுகிறேன். சமையலுக்கு ஒரு வயதான பிக்கு இருக்கிறார். முன்பு லாரி ஓட்டியவராம். இப்போதும் கரண்டியைக் கியர் மாதிரிதான் பிடிக்கிறார். எல்லோருக்கும் அவர் லாரிக்காரர்தான்.

இங்கே கருணை தியானம் சொல்லித்தருகிறார்கள். முதலில் தன்னை நினைக்க வேண்டும். இரண்டாவதாக, நமக்குப் பிரியமான ஒருவர். மூன்றாவதாக, நல்லதும் கெட்டதும் இல்லாத யாரோ ஒருவர். நான்காவதாக, நமக்கு ஆகாதவர். ஒவ்வொருவரையும் மனதில் உட்கார வைத்து, ‘நீ துன்பத்திலிருந்து விடுபட வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாவது இடத்தில் மகளை வைத்திருக்கிறேன். நான்காவது இடத்துக்கு யார் வந்து உட்கார்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறையில் செத்துப்போன அந்தத் தையல்காரன்தான். முதல் மூன்று மாதம் அவன் முகம் வந்ததும் எழுந்து ஓடிவிடுவேன். இப்போது அவனையும் நினைக்க முடிகிறது. கண்ணில் தண்ணீர் வருகிறது. மனசு லேசாகிவிடுகிறது. நான் மாறிவிட்டேன் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஏப்ரல் 28 அன்று எனக்கு முழுத் துறவு தரப்போகிறார்கள். அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மூன்றே வரி. கணவர் துறவு பூணுவதில் எனக்குத் தடையில்லை. அவரை நம்பியிருப்பவர்கள் கைவிடப்படவில்லை. அவர் மேல் எந்த வழக்கும் இல்லை, எந்தக் குற்றத்துக்காகவும் ஒளிந்து இங்கே வரவில்லை. கீழே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

உன் இடது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? குளிர் நாளில் வலிக்கும் என்று டாக்டர் சொன்னாரே.

உன் நலம் நாடும்,
அவளுடைய அப்பா


மார்ச் 2

பெரிய மனுஷியின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அதைக் கை தவறவிட்டுவிட்டேன். பாசத்தில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பயத்தில்தான்.

மணிக்கட்டைக் கேட்டிருந்தீர்கள். ஈரப் போர்வையைப் பிழிய முடியாது. பிழிகிற வேலையைப் பக்கத்துக்காரிக்குத் தள்ளிவிட்டு நான் கறை எடுக்கிறேன். இந்த ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் கறை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும்தான். வெந்நீர் ஊற்றினால் போச்சு, துணி கிழிகிற வரைக்கும் கறை போகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ‘எங்கக்கா கத்துக்கிட்டீங்க?’ என்பார்கள். வீட்டில் என்பேன்.

உங்கள் மகள் நான்காம் வகுப்பில் பெரிய மனுஷித்தனத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறாள். போன வாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்து இருக்கைப் பெண்ணின் விரலை மேசை மூடிக்குள் வைத்து அழுத்திவிட்டாளாம். நகம் கறுத்து, இரத்தம் கட்டி, அந்தக் குழந்தை அழுதுகொண்டே நிற்கிறது. “ஏண்டி இப்படிப் பண்ணின?” என்றேன். “என் பென்சில எடுத்துட்டு இல்லன்னு சொல்றாம்மா. உண்மைய வர வைக்கணும்ல. அப்பா அப்படித்தானே சொல்லுவாரு” என்றாள். பென்சில் இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொரு செய்தி. எங்கள் கூடம் பிணவறைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெண் வருகிறாள். இருபத்தைந்து வயதிருக்கும். பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்ததும் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிடுகிறாள். ஒன்றரை வருடமாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு நடக்கிறாள். இவர்களும் சளைக்காமல் ‘அடுத்த வாரம் வா’ என்கிறார்கள். கொடியில் காயும் போர்வைகளுக்குக் கீழே நிழல் இருப்பதால் அங்கே வந்து உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

“யாரு உனக்கு?”

“அண்ணன்க்கா. ஜெயில்ல வழுக்கி விழுந்து செத்துட்டாராம். எங்கண்ணன் தையக்காரர்க்கா. மெஷின் முன்னாடி உக்காந்தா எட்டு மணி நேரம் அசைய மாட்டார். அவர் எங்கக்கா வழுக்கி விழுவாரு?”

நான் கையிலிருந்த போர்வையை உதறினேன். மறுபடி உதறினேன். மூன்றாவது முறையும் உதறினேன். அதில் தூசியே இல்லை.

கையெழுத்துதானே, யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா


மார்ச் 12

பெரிய மனுஷியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து தள்ளி இரு. தண்ணீரும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். நீ யாருடைய மனைவி என்று அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாயா? விசாரணை முடிந்துவிட்டது. கோப்பை மூடிவிட்டார்கள். அதைக் கிளறினால் உனக்குத்தான் முதல் ஆபத்து. விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தவள் நீ.

பயத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. அவள் மேலும் எனக்குக் கருணை இருக்கிறது. அவளுக்கும் மன அமைதி கிடைக்கட்டும் என்று இன்று காலை நினைத்துக்கொண்டேன். கிளறக் கிளறப் புண் ஆறாது.

மகளுக்குச் சொல், அப்பா இப்போது யாரையும் அடிப்பதில்லை என்று. தாளை அனுப்ப மறந்துவிடாதே.

நலம் நாடும்,
அவளுடைய அப்பா


மார்ச் 20

பெரிய மனுஷியின் அப்பாவுக்கு,

தையல்காரனை நான்காவது ஆளாக வைத்திருக்கிறீர்களாமே, ‘ஆகாதவர்’ என்று. அவன் உங்களுக்கு என்ன ஆகாததைச் செய்தான்? அவனுக்கல்லவா நீங்கள் ஆகாதவர்? அடித்தவன் அடிபட்டவனைப் பகையாளி வரிசையில் உட்கார வைத்து, மனசார மன்னித்து, கண்ணீரும் விட்டு, லேசாகி எழுந்து போகிறான். நன்றாக இருக்கிறது உங்கள் தியானம். செத்தவன் துன்பத்திலிருந்து விடுபட வேண்டும் என்கிறீர்களே, அவன் விடுபட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நீங்கள்தான் விடுவித்தீர்கள், லத்தியால்.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். அன்று புதன்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கே வந்துவிட்டீர்கள். மகள் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கப்போய், சட்டையைப் பார்த்துவிட்டு, தூக்காமல் உள்ளே வந்தீர்கள். ‘இதை ஊற வை’ என்றீர்கள். முன்பக்கம் முழுக்க. கைமடிப்புக்குள் தலைமுடி ஒட்டியிருந்தது. வாளித் தண்ணீரை ஐந்து முறை மாற்றினேன். ஐந்தாவது தண்ணீரும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று பத்து வருடக் குடித்தனம் சொல்லிக்கொடுத்திருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டேன். “அந்தத் தையக்காரர் செத்துட்டாராமே?” அவ்வளவுதான் கேட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். பிடித்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத் திருகினீர்கள். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் நீங்கள் உடனே விடவில்லை.

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வந்தார். மாவுக்கட்டோடு உட்கார்ந்து சொன்னேன். “அன்னிக்கு அவர் வேலைக்கே போகலங்க. காய்ச்சல். நான்தான் மாத்திரை குடுத்துப் படுக்க வச்சேன்.” அவர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடும்போது கேட்டார், “கையில என்னம்மா?” “வழுக்கி விழுந்துட்டேங்க” என்றேன். ஒரே வாரத்தில் ஒரே ஜெயில் காம்பவுண்டில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தோம். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

அந்தப் பெண் இந்தச் செவ்வாயும் வந்தாள். என் பொய் ஒரு காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதம் அவளை வாரம் தவறாமல் பிணவறை வாசலுக்கு வரவழைக்கிறது. அவளிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்கிறீர்கள். எவ்வளவு தூரம் தள்ளிப் போவது? நீங்கள் போன தூரமா?

அவளுடைய அம்மா


ஏப்ரல் 3

பெரிய மனுஷியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது.

மதியம் எல்லோரும் தியானக் கூடத்தில் இருந்தார்கள். குளியலறைப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். ஒரு ஆள் பித்தளைக் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்து ஓடப் பார்த்தான். பிறகு என்ன நடந்தது என்று யோசித்து எழுத ஒன்றுமில்லை, யோசிக்கவே இல்லை. அவன் தரையில் கிடந்தான். என் முழங்கால் அவன் கழுத்தில். அவன் வலது கை முதுகுக்குப் பின்னால் என் பிடியில். ‘இன்னும் எத்தனை எடுத்தே, சொல்றா’ என்று பழைய குரலில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் முகம் நீலம் பாய்ந்துவிட்டது. பத்து மாதக் கருணை அவ்வளவுதான். சீவர உடை உடம்பின் மேல் கிடந்தது. கைகளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

லாரிக்காரர் ஒரு வாளிக் கழுநீரை அப்படியே என் தலையில் கொட்டினார். அந்த ஆள் இருமிக்கொண்டே எழுந்து ஓடிவிட்டான். நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் தையல்காரனைப் பற்றிச் சொன்னேன். முதல் முறையாக இன்னொரு மனிதரிடம் முழுதாகச் சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன்.

சிறைத் தையல் கூடத்தில் கைத்தையல் ஊசி பன்னிரண்டு என்று பதிவேடு. அன்று மதியம் எண்ணினால் பதினொன்று. ஊசி கைதிகள் இருக்கும் பிளாக்குக்குள் போனால் அது ஆயுதம். தலைமைக் காவலர் மீசை, ‘மூணு மணிக்குள்ள ஊசி என் மேசைல இருக்கணும்’ என்றான். கடைசியாக ஊசி வாங்கியவன் தையல்காரன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். லத்தி என் கையில். பாதத்தில் ஆரம்பித்தேன். பிறகு முட்டியில். அழுதான், கும்பிட்டான், மன்னிப்புக்கூடக் கேட்டான். எடுத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு வீம்பாகத் தெரிந்தது. எடுக்காதவன் எப்படிச் சொல்வான் என்று அப்போது தோன்றவில்லை.

தலையில் அடித்தது நினைவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவிருக்கிறது. பிடித்தவர்கள் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். அவன் தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அடிக்க வேண்டிய தேவையே இல்லை. இடது காதுக்கு மேல் அடித்தேன். ஒரு முறை இல்லை.

மறுநாள் பழைய ரசீதைத் தேடி எடுத்தார்கள். ஊசி வாங்கியதே பதினொன்றுதான். பதிவேட்டில் எழுதியவர் பிழையாக எழுதிவிட்டார். ‘சரி விடு, அவன் விதி’ என்று மீசை டீ குடிக்கப் போனான். நானும் போனேன். டீ குடித்தேன்.

லாரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நாலாவது ஆளா அவன வச்சிருக்கியே, உனக்கு என்ன வேணும்னு ஒரு நாளாவது அவன்கிட்ட கேட்டியா?” என்றார்.

“செத்தவன்கிட்ட எப்படிக் கேக்குறது?”

“ஏன், அவனுக்கு யாருமே இல்லையா?” என்றார். பிறகு அவர் கதையைச் சொன்னார். “நான் ஒரு சைக்கிள்காரன அடிச்சுப் போட்டுட்டு நிக்காம ஓட்டுனவன். இங்க வந்து பத்து வருஷம் கண்ண மூடிக் கருணை பண்ணேன். அப்புறம்தான் போய் அந்த வீட்டுக் கதவத் தட்டுனேன். செருப்பாலயே அடிச்சாங்க. அன்னிக்குத்தான் என் தியானம் ஆரம்பிச்சது. அதுவரைக்கும் நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவர் சொல்வது புரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. கைதியாக உள்ளே வரும் காவலரை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நீ தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. முதலில் துறவு முடியட்டும். பிறகு ஒரு வழி யோசிப்போம்.

அவளுடைய அப்பா


ஏப்ரல் 14

பெரிய மனுஷியின் அப்பாவுக்கு,

வழி யோசிக்க நேரமில்லை.

போன வியாழக்கிழமை அந்தப் பெண் சிறை வாசலில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ‘என் அண்ணனைக் கொன்றது யார்’ என்று மட்டும் எழுதியிருந்தாளாம். பேசலாம் வா என்று காவல் அறைக்குள் கூட்டிப்போயிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு பாதமும் பிய்ந்துபோயிருந்தன. முன்பல் இரண்டு இல்லை. அவளைக் கிடத்தியிருந்த போர்வை சலவைக்கு என்னிடம் வந்தது. வாளியில் போட்டேன். தண்ணீர் நிறம் மாறியது. இந்த முறை என்னால் துவைக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வார்டுக்குப் போனேன்.

கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். நான் யார், என் கணவர் யார், நான் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும். அவள் அசையாமல் கேட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து என் முகத்தில் அடித்தாள். நெற்றி கிழிந்தது. மறுபடி அடித்தாள். நர்ஸ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். “விடுங்க சிஸ்டர்” என்றேன். மூன்றாவது முறை அடிக்க ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. செம்பு கீழே விழுந்தது. அவள் வாயெல்லாம் வீங்கியிருந்ததால் பேசியது சரியாகப் புரியவில்லை. மூன்று முறை கேட்ட பிறகுதான் புரிந்தது.

“கடைசியா என்னக்கா சொன்னாரு எங்கண்ணன்?”

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்தவர் ஒருத்தர்தான் என்றேன். எனக்கு நாலு தையல் போட்டார்கள்.

மீசை வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “அண்ணி, அவரு சாமியாராப் போயிட்டாரு, புண்ணியம். நீண்ட லீவுன்னு எழுதி உங்கள குவார்ட்டர்ஸ்ல இருக்க வச்சிருக்கேன், அதுவும் புண்ணியந்தான்” என்றார். நெற்றிக் கட்டைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, “பாப்பா, எந்த ஸ்கூலு? எத்தனை மணிக்கு விடுவாங்க?” என்றார். அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் அவளை என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 28 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நான் பழைய வாக்குமூலம் பொய் என்று சொல்லப்போகிறேன். வக்கீல் அம்மா ஒருவர் கூட வருகிறார். நீங்கள் வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். உங்கள் துறவும் அன்றுதான் என்று தெரியும்.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வரி இருக்கட்டும். எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மூன்றாவது வரியை மட்டும் அடித்திருக்கிறேன்.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் அனுப்புங்கள். எனக்காக இல்லை.

அவளுடைய அம்மா


ஏப்ரல் 22

பெரிய மனுஷியின் அம்மாவுக்கு,

அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். இதைப் படித்துக்காட்டலாமா வேண்டாமா என்று நீ யோசிக்காதே. அவளுக்குச் சேர வேண்டியது.

கையில் அடிக்கப் போனபோது சொன்னான்: “அண்ணே, கை வேண்டாண்ணே. கால்ல எவ்வளவு வேணும்னாலும் அடிங்க. கை இருந்தாத்தாண்ணே தைக்க முடியும்.” அவன் அப்படிச் சொன்னதால்தான் கையில் அடித்தேன். அதற்கு முன்பு கையை நினைக்கக்கூட இல்லை.

தலையில் அடிபட்ட பிறகு சுவரோரமாகக் கிடந்தான். நான் லத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “மணி மூணாயிடுச்சா? பாப்பா பஸ்ஸு போயிடுச்சா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு பேசவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நான் பதிலும் சொல்லவில்லை.

இதை எழுதி முடித்ததும் தலைமைப் பிக்குவிடம் போய், நீ அனுப்பிய தாளைக் கொடுத்தேன். அடித்திருந்த மூன்றாவது வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானே சீவரத்தைக் கழற்றி மடித்து அவர் முன்னால் வைத்தேன். போட்டுக்கொள்ள வேறு துணி இல்லை. லாரிக்காரர் தன் பழைய சட்டையைக் கொடுத்தார். அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். “பயமா இருக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லது, அத யாருக்கும் குடுத்துடாத, நீயே வச்சுக்கோ” என்றார்.

28 காலையில் நேராக நீதிமன்றத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வர மாட்டேன். மீசையின் பெயரும், பிடித்த இரண்டு பேரின் பெயரும் சொல்வேன். நீ சொன்னது பொய் என்றால், அதைச் சொல்ல வைத்தது எது என்றும் சொல்வேன். என் பக்கத்தில் வந்து நிற்காதே. அவள் பக்கத்தில் நில்.

அவளுடைய அப்பா


செப்டம்பர் 9

பெரிய மனுஷியின் அப்பாவுக்கு,

தாடை எலும்பு கூடிவிட்டது என்று வக்கீல் அம்மா சொன்னார். நீங்கள் சரணடைந்து ஜெயிலுக்குப் போன பிறகு, குளிக்கும் தொட்டிப் பக்கம் வைத்து ஆறு பேர் அடித்தார்களாம். அதில் இரண்டு பேர் முன்பு உங்களிடம் அடி வாங்கியவர்கள், மற்ற நாலு பேரை அனுப்பியது மீசையின் ஆட்கள் என்றார். நீங்கள் கையை ஓங்கவே இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையும் வரவில்லை, திருப்தியும் வரவில்லை. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தபோதும் நீதிபதி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டியதை நான் பார்த்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். மீசையை அன்று மாலையே கைது செய்தார்கள்.

உங்கள் கடிதத்தை அவள் படித்தாள். அண்ணன் பாப்பா என்று கூப்பிடுவது அவளைத்தான், அந்த பஸ்ஸும் அவளுடையதுதான். அவள் வண்டி தினமும் மதியம் மூன்று மணிக்குச் சிறை மதிலை ஒட்டிய வளைவில் திரும்பும். திரும்பும்போது இரண்டு விசில் ஊதுவாளாம். உள்ளே தையல் கூடத்தில் அண்ணனுக்குக் கேட்கும் என்று. கேட்டதா இல்லையா என்று அவளுக்கு இத்தனை நாளும் தெரியாது. கடிதத்தை மடித்துக் கண்டக்டர் பைக்குள் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன், தொடவில்லை.

அவள் உங்களை மன்னிக்கவில்லை. என்னையும்தான். ஆனால் போன செவ்வாய் வந்தபோது, “அவருக்குத் தாடை சேந்துடுச்சாக்கா?” என்று கேட்டாள். “ஏம்மா கேக்குற?” என்றேன். “தெரியலக்கா. கேக்கணும்னு தோணுச்சு” என்றாள். பிறகு அவளுக்கே கோபம் வந்து எழுந்து போய்விட்டாள். நீங்கள் கண்ணை மூடித் தேடியது எது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து நான் பார்த்தது இதுதான்.

பொய் வாக்குமூலத்துக்கு என் மேல் தனி வழக்கு நடக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாள் முழுக்க தோல் வாசனை. உங்கள் மகள் திரும்பி வந்துவிட்டாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் விடுதலையாகி வந்தாலும் நான் உங்களோடு வாழ மாட்டேன். வெறுப்பில் சொல்லவில்லை. நீங்கள் ஒரு அறைக்குள் நுழைந்தால் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். அப்படி ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டாம். நீங்கள் செய்தது சரியான காரியம். அதற்காக நான் திரும்பி வர வேண்டும் என்று இல்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

மகளுக்கு எழுதுங்கள். பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று கேள்வி எழுதித் தந்திருக்கிறாள். நான் பதில் சொல்லப் போனேன், “நீ சொல்லாத, அப்பா சொல்லட்டும்” என்றுவிட்டாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா


செப்டம்பர் 21

பெரிய மனுஷிக்கு,

உன் கேள்விகள் வந்தன. நீ எழுதிய வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

‘அந்தத் தையல் மாமாவ நீங்கதான் கொன்னீங்களா?’

ஆமாம். நான்தான். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்திருந்தாலும் நான் அடித்திருக்கக் கூடாது. கோபத்தில் செய்துவிட்டேன் என்று பெரியவர்கள் சிலர் உன்னிடம் சொல்வார்கள். எனக்குக் கோபம்கூட இல்லை. அடித்தால் உண்மை வந்துவிடும் என்று நம்பினேன். வராது. அடி வாங்குகிறவர் அடி நிற்பதற்கு என்ன வேண்டுமோ அதைத்தான் சொல்வார்.

‘அம்மா கைய உடைச்சது நீங்களா?’

ஆமாம். உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தோம். அது பொய். அம்மா பயத்தில் சொன்னாள். அந்தப் பயம் என்னால் வந்தது.

‘அங்க உங்கள அடிக்கிறாங்களா? வலிக்குதா?’

அடித்தார்கள். வலித்தது. ரொம்ப வலித்தது. அப்போது கண்ணை மூடினேன். என்னைப் பற்றிய நினைவு வரவில்லை, தையல் மாமாதான் வந்தார். அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. மூன்று வருடம் அவரைத் தினமும் பார்த்தவன் நான். அவருக்கு வலிக்கும் என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை, உனக்கே தெரியும். நான் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னும் கேள்வி வந்தால் எழுது. எதைக் கேட்டாலும் உள்ளதை எழுதுவேன். கேட்கவே வேண்டாம் என்று தோன்றினால் எழுதாதே. அதற்காக நான் கோபப்பட மாட்டேன், வருத்தப்பட்டாலும் உனக்குத் தெரியும்படி வருத்தப்பட மாட்டேன். இந்தக் கடிதத்தின் அடியில் என்ன போட்டுக் கையெழுத்திடுவது என்று வெகு நேரம் யோசித்தேன். அதை நான் முடிவு செய்ய முடியாது. இடம் விட்டிருக்கிறேன். என்னை என்ன என்று கூப்பிட வேண்டும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அதை நீயே எழுதிக்கொள்.

இப்படிக்கு,